இருபத்தைந்து ரூபிள் மைக்ரோமீட்டர்: ஓசூர்ச் சாலையிலிருந்து தொடக்ககால சோவியத் சினிமா

ஓசூரில் ஒரு சிறு பட்டறையில் நான் டிரெய்னியாக இருந்தபோது எங்கள் டூல் ரூமில் ஒரு நீள நோட்டு உண்டு. மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ் என்று எதை வாங்கினாலும் டோக்கனைக் கொடுத்துவிட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் கருவியைத் துடைத்து, எண்ணெய் தடவித் திருப்பித் தர வேண்டும். ஒருநாள் ஒரு மைக்ரோமீட்டர் திரும்பி வரவில்லை. சாயங்காலம் கேட்டில் எங்கள் எல்லோருடைய பைகளையும் கொட்டிப் பார்த்தார்கள். கழுவி மூடிய டிபன் டப்பாவைக்கூடத் திறந்து காட்டச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அது ஒரு லேத்துக்கு அடியில், இரும்புச் சுருள்களோடு சுருளாகக் கிடந்தது. கடைசியாகக் கையெழுத்துப் போட்டிருந்த பையன் அந்த மூன்று நாளும் தலையை நிமிர்த்தாமல் வேலை பார்த்தான். கிடைத்த பிறகும் அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் அவன் வேலைக்கு வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து செர்கேய் ஐசன்ஸ்டைனின் ‘வேலைநிறுத்தம்’ (1925) படத்தைப் பார்த்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் படத்தில் மோதலைப் பற்றவைப்பது கொடியோ முழக்கமோ அல்ல, ஒரு மைக்ரோமீட்டர்தான். யாகோவ் ஸ்ட்ரோங்கின் என்ற தொழிலாளியின் மைக்ரோமீட்டர் களவுபோகிறது. அதன் விலை 25 ரூபிள், கிட்டத்தட்ட மூன்று வாரக் கூலி. புகார் சொல்லப் போனவன்மீதே திருட்டுப் பழி விழுகிறது. அவன் இயந்திரங்களுக்கு நடுவே தன் இடுப்பு வாரில் தூக்குப் போட்டுக்கொள்கிறான். திருடன் என்று பெயர் வாங்கி வாழ முடியாது என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். அவன் உடலை இறக்கிய கைகள்தான் பிறகு பட்டறை விசையை நிறுத்துகின்றன.

சினிமா வகுப்புகளில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடைசிக் காட்சிக்கு நேரே போய்விடுவார்கள். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்படுவதையும் கசாப்புக் கூடத்தில் ஒரு மாடு அறுக்கப்படுவதையும் மாற்றி மாற்றி ஒட்டிய அந்தக் காட்சி, ‘மாண்டேஜ்’ என்ற சொல்லுக்கு உதாரணமாக நூறு ஆண்டுகளாகப் படாதபாடு படுகிறது. மைக்ரோமீட்டரில் நின்றவர்கள் குறைவு. அதைக் கையில் பிடித்துப் பழகியவர்கள் சினிமாப் புத்தகம் எழுதுவதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

நம்மூரில் தொடக்ககால சோவியத் சினிமா ஒரு தொழில்நுட்பப் பாடமாகவே வந்து சேர்ந்தது. குலெஷோவ் விளைவு, ஒடேசா படிக்கட்டு, ஐந்து வகை மாண்டேஜ் என்று மனப்பாடம் செய்து, தேர்வெழுதி, மறந்துவிடலாம். அந்தப் படங்களை நான் வேறு இடத்திலிருந்து பார்க்கிறேன். என் ஊர் பாரூர். தென்பெண்ணை நீர் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் பெரிய ஏரி, அதை நம்பிய வயல், வயலுக்கு அப்பால் மாந்தோப்பு. விடிவதற்கு முன்பு கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஏரிப் பாசனத்தின் நேரத்துக்கு வளர்ந்த பிள்ளைகள் அதில் ஏறி ஷிஃப்டின் நேரத்துக்குள் போய் இறங்குவார்கள். 1920களின் சோவியத் படங்களில் பெரும்பகுதி இந்தப் பயணத்தைப் பற்றியதுதான். கிராமத்து உடம்பை இயந்திரத்தின் நேரத்துக்கு எப்படிப் பழக்குவது, பழகும்போது அந்த உடம்புக்கு என்ன ஆகும் என்பதே அவற்றின் கேள்வி. சில படங்கள் நேர்மையாகப் பதில் சொல்லின. சில அழகாகப் பொய் சொல்லின.

*

முதலில் அந்தப் படங்கள் எந்த வறுமையில் பிறந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1919 ஆகஸ்ட் 27இல் லெனின் கையெழுத்திட்ட ஆணை ரஷ்யத் திரைத்தொழிலை அரசுடைமை ஆக்கியது. ஆக்கிய கையோடு பார்த்தால் படச்சுருள் இல்லை. கச்சா ஃபிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், நாடோ உள்நாட்டுப் போரிலும் முற்றுகையிலும் கிடந்தது. பழைய முதலாளிகள் கருவிகளோடு தெற்கே ஓடியிருந்தார்கள். அதே ஆண்டில் மாஸ்கோவில் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் லெவ் குலெஷோவ் மாணவர்களை வைத்துக்கொண்டு ‘ஃபிலிம் இல்லாத படங்கள்’ நடத்தினார். காட்சி காட்சியாக மேடையில் நடித்துக் காட்டுவதுதான் படம். கிடைத்த பழைய துண்டுகளை வெட்டி ஒட்டிப் பார்த்துத்தான் அவர் தன் புகழ்பெற்ற சோதனைக்கு வந்தார். ஒரே நடிகரின் சலனமற்ற முகத்துக்குப் பக்கத்தில் சூப்புக் கிண்ணத்தை ஒட்டினால் பசி தெரிகிறது, சவப்பெட்டியை ஒட்டினால் துக்கம் தெரிகிறது.

இறக்குமதியான அந்நியப் படங்களைச் சோவியத் பார்வைக்கு ஏற்ப மறுபடி வெட்டி ஒட்டும் வேலை எஸ்ஃபிர் ஷூப் என்ற பெண்ணிடம் இருந்தது. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘டாக்டர் மாபூஸெ’ படத்தை அவர் அப்படி வெட்டியபோது கூட உட்கார்ந்து கற்றுக்கொண்ட இளைஞர் ஐசன்ஸ்டைன். நம்மூர் டூரிங் டாக்கீஸில் கடைசி ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க ஆபரேட்டர் ஒரு ரீலை விழுங்கிவிடுவார், கதை வேறாகிவிடும். அந்த வித்தைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஒருவருக்கு அது சோம்பல், இன்னொருவருக்குக் கலை. மாண்டேஜ் முதலில் ஒரு சிக்கன நடவடிக்கை. தத்துவம் பிறகு எழுதப்பட்டது.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. பார்க்க வேண்டியவர்களில் பெரும்பகுதி எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், அவர்கள் பேசியதும் ஒரே மொழி அல்ல. 1918 முதல் பிரச்சார ரயில்கள் படம் வரைந்த பெட்டிகளோடு, உள்ளே புரொஜக்டரும் அச்சுக்கூடமுமாகப் போர்முனைக்கும் சிற்றூருக்கும் போயின. ஐசன்ஸ்டைனின் ஒளிப்பதிவாளர் எடுவர்ட் டிஸ்ஸே, ஜிகா வெர்தோவ் இருவரும் அந்த ரயில்களில் தேறியவர்களே. முகமும் கையும் பொருளும் பேச வேண்டும், எழுத்து அட்டை கூடியவரை குறைய வேண்டும் என்ற பிடிவாதம் அங்கிருந்து வந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஓசூரில், இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்ட ஓசூரில், இது பழங்கதையாகப் படவில்லை. வெர்தோவின் ‘கேமராவுடன் ஒரு மனிதன்’ (1929) எழுத்து அட்டையே இல்லாத படம். ஓசூரின் எந்த லேபர் லைன் வீட்டுச் சுவரிலும் அதை அப்படியே போடலாம். யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டாம்.

*

மறுபடி ‘வேலைநிறுத்த’த்துக்கு வருகிறேன். அதை எடுத்தபோது ஐசன்ஸ்டைனுக்கு வயது 27கூட நிறைந்திருக்கவில்லை. நாடகத்திலிருந்து வந்தவர், முதல் முழுநீளப் படம். முதலாளிகள் தொப்பை பெருத்த கேலிச்சித்திரங்களாக இருப்பதும், ஒற்றர்களுக்கு நரி, ஆந்தை, குரங்கு என்று பெயர் வைத்து விலங்கு முகத்தோடு கரைத்துக் காட்டுவதும் நாடகக்காரரின் கை. அதைவிட எனக்கு முக்கியம் தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியல். எட்டு மணி நேர வேலை, சிறுவர்களுக்கு ஆறு மணி நேரம், முப்பது சதவீதக் கூலி உயர்வு, இவற்றோடு இன்னொன்று: எங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். பங்குதாரர்கள் சுருட்டும் மதுவுமாக உட்கார்ந்திருக்கும் அறையில் அந்தக் காகிதம் கடைசியில் ஒருவருடைய காலணியைத் துடைக்கும் துணியாகிறது. கூலி உயர்வை மறுப்பதைவிட இது அதிகமாகச் சுடுகிறது.

வேலைநிறுத்தம் நீளும் பகுதி படத்தின் மிக உண்மையான பகுதி என்பேன். முதல் சில நாள் திருவிழாபோல இருக்கிறது. அப்பன் பகலில் வீட்டில் இருப்பதைப் பிள்ளைகள் அதிசயமாகப் பார்க்கிறார்கள். ஆலை முற்றத்தில் பறவைகள் உலவுகின்றன. பிறகு கடை அடைத்திருக்கிறது, கடன் தீர்ந்திருக்கிறது, வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போகிறது, புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள். உண்டியல் குலுக்கிச் சங்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும், வேலைநிறுத்தம் கேட்டில் தோற்பதில்லை, அடுப்படியில் தோற்கிறது. அந்த வயதுக்காரருக்கு இது தெரிந்திருந்தது ஆச்சரியம்.

இதைவிடப் புகழ் பெற்றது ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’. 1905 புரட்சியின் இருபதாம் ஆண்டு நிறைவுக்காக அவசர அவசரமாக எடுத்து, 1925 டிசம்பர் 21இல் மாஸ்கோ பொல்ஷோய் அரங்கில் காட்டினார்கள். கப்பலில் ஏறும் கொடியைச் சட்டம் சட்டமாகக் கையால் சிவப்புத் தீட்டினார்கள். பிரிட்டன் 1954 வரை அதைப் பொதுத் திரையில் அனுமதிக்கவில்லை. ஒடேசா படிக்கட்டுப் படுகொலை படத்தில் இருப்பதுபோல வரலாற்றில் நடக்கவில்லை. நகரில் துப்பாக்கிச் சூடு நடந்தது உண்மை, அந்தப் படிக்கட்டும் அந்தத் தள்ளுவண்டியும் ஐசன்ஸ்டைன் செய்தவை. இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அவர் செய்ததைத்தான். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடப்பட்ட படம்.

கிராமத்திலிருந்து வருபவன் கதையைச் சொன்னது இன்னொரு சோவியத் இயக்குநரான புடோவ்கினின் ‘புனித பீட்டர்ஸ்பர்க்கின் முடிவு’ (1927). வீட்டில் இன்னொரு வாய் பிறந்துவிட்டது, நிலம் போதாது. பையன் நகரத்துக்குப் போகிறான், சொந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் ஒண்டுகிறான். அவர் ஆலையில் வேலைநிறுத்தத் தலைவர். இவனுக்கோ வேலை வேண்டும், வேலைநிறுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது. கருங்காலியாக உள்ளே போகிறான், தனக்குச் சோறு போட்டவரையே காட்டிக் கொடுத்தும் விடுகிறான். கிடைத்த காசோடு அந்த வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்து நிற்கிறான். புடோவ்கின் அவனைத் துரோகி என்று ஒதுக்கவில்லை. அவன் அறியாமையோடு நெடுநேரம் நிற்கிறார். காண்ட்ராக்டில் வந்திருக்கும் வெளிமாநிலப் பையன்களைப் பற்றி நம் டீக்கடைகளில் பேசுகிற பேச்சைக் கேட்டால், நூறு ஆண்டுக்கு முந்தைய இந்தப் படத்துக்கு இருந்த பொறுமை நமக்கு இல்லை என்றே தோன்றுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு அந்தப் பையன் நாம்தான். சிப்காட் வந்தது 1970களில். 1980இல் அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் 50 மொபெட்டும் வந்தபோது தருமபுரி மாவட்டக் கிராமங்களிலிருந்து (கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, 2004இல்தான் பிரிந்தது) ஒரு பையோடு ஓசூரில் இறங்கி, உறவுக்காரர் அறையில் பாய் விரித்தவர்கள் நம் அண்ணன்மார்கள். ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்கும் அந்த வாழ்க்கைக்கும் ஒரு சோவியத் படம் உண்டு. வீட்டுப் பஞ்சத்தில் ஒரு தம்பதியின் அறைக்கு நண்பன் குடிவர, மூவருக்குள்ளும் நேர்வதைச் சொல்லும் ஆப்ராம் ரூமின் ‘கட்டிலும் சோபாவும்’ (1927). முழக்கமே இல்லாத படம்.

*

பாரூர்க்காரர் பார்க்க வேண்டிய படம் ஒன்று என்றால் ஐசன்ஸ்டைனின் ‘பழையதும் புதியதும்’ படத்தைச் சொல்வேன். மாடும் பாலும் மழையும் நிரம்பிய படம். 1926இல் ‘பொதுவழி’ என்ற பெயரில் தொடங்கியது. புரட்சியின் பத்தாம் ஆண்டுக்கு ‘அக்டோபர்’ எடுக்க வேண்டி வந்ததால் நின்றது. பிறகு ஸ்டாலின் தலையிட்டு முடிவை மாற்றச் சொல்லி, தலைப்பும் மாறி, 1929இன் கடைசி மாதங்களில் வெளிவந்தது.

தொடக்கத்தில் ஒரு பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி இருவர் பிரிகிறார்கள், வீட்டுக்குச் சண்டை. ரம்பத்தை எடுத்து மரவீட்டை நடுவே அறுக்கிறார்கள். நிலத்திலும் வேலி மேல் வேலி விழுந்து ஆளுக்கொரு துண்டாகிறது. வாய்க்கால் வரப்புக்கு வழக்காடி வீடே அழிந்த குடும்பம் இல்லாத ஊர் நம் பக்கம் உண்டா? மார்ஃபா என்ற ஏழைப் பெண் பணக்காரர் வீட்டுக்குக் குதிரை இரவல் கேட்டுப் போகிறாள், கிடைக்கவில்லை. மாட்டைப் பூட்டி உழுகிறாள், மாடு விழுகிறது, அவளும் விழுகிறாள். வறட்சியில் ஊரே சாமிப் படங்களைத் தூக்கிக்கொண்டு மழைக்கு ஊர்வலம் போகிறது, மேகம் வந்து கலைகிறது. மார்ஃபாவாக நடித்தவர் மார்ஃபா லாப்கினா. நடிகை அல்ல, அதற்குமுன் கேமராவையே பார்த்திராத விவசாயக் கூலிப் பெண். அவர் முகத்தைப் பார்த்தால் வேறு யாரும் அதில் நடித்திருக்க முடியாது என்று தெரியும்.

அவள் பால் கூட்டுறவு தொடங்குகிறாள். பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் இயந்திரம் வருகிறது. துணியை விலக்கியதும் அதன் குழாய் மினுங்குகிறது. கைப்பிடி சுற்றுகிறது. சுற்றி நிற்கும் முகங்களில் சந்தேகம். முதல் துளி வருமா? வருகிறது. பிறகு பால் ஊற்றாகப் பீய்ச்சுகிறது, முகங்கள் நனைகின்றன, சங்க உறுப்பினர் எண்ணிக்கை திரையில் எண்களாகப் பெருத்துக்கொண்டே போகிறது. ஒரு பால் இயந்திரத்தை இவ்வளவு பரவசமாகக் காட்டிய கலைஞர் உலகில் வேறு யாரும் இல்லை. எங்கள் ஊர் பால் சொசைட்டியில் அதிகாலையில் கேனோடு வரிசையில் நிற்கும் பெண்களின் முகத்திலும் நான் இதைப் பார்த்திருக்கிறேன். கொழுப்பு அளவு எவ்வளவு காட்டப்போகிறது என்று அந்தச் சிறு கருவியைப் பார்க்கும் பார்வை. அங்கே பரவசம் இல்லை, கணக்கு இருக்கிறது. படத்தின் பிற்பகுதியில் சங்கத்துக்கு ஒரு பொலிகாளை வருகிறது, மாலை போட்டு அதற்குக் கல்யாணமே நடத்துகிறார்கள். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஆங்கிலேயர் 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இன்றும் இருக்கும் வட்டாரத்தில், இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இவ்வளவும் அழகு. ஆனால் படம் வந்த காலத்தைப் பார்க்க வேண்டும். 1929 நவம்பர் 7ஆம் தேதி ‘பிராவ்தா’வில் ஸ்டாலின் ‘மாபெரும் திருப்பத்தின் ஆண்டு’ என்று எழுதினார். அடுத்த குளிர்காலத்தில் கூட்டுப்பண்ணைக்குள் கிராமங்கள் கட்டாயமாகத் தள்ளப்பட்டன. சேர மறுத்தவர்கள் ‘குலாக்’ (பணக்கார விவசாயி) என்று முத்திரை குத்தி நாடுகடத்தப்பட்டார்கள். 1932–33 பஞ்சத்தில், உக்ரைனில் மிகக் கொடுமையாக, பல பத்து லட்சம் உயிர்கள் போயின. மார்ஃபா விரும்பிச் சேர்த்த சங்கத்துக்கும் துப்பாக்கி முனையில் சேர்த்த பண்ணைக்கும் படத்தில் வித்தியாசம் இல்லை. படத்தின் கொழுத்த குலாக்குகள் காளைக்கு விஷம் வைக்கிறார்கள். நிஜத்தில் குலாக் என்று பிடித்துச் செல்லப்பட்டவர்களில் இரண்டு மாடு வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். ஐசன்ஸ்டைன் தெரிந்தே பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊற்று அவரையே நனைத்துவிட்டது.

அலெக்சாந்தர் தவ்ஷென்கோவின் ‘மண்’ (1930) இதே கதையை உள்ளிருந்து சொன்ன படம். தவ்ஷென்கோ உக்ரைனிய விவசாயி வீட்டுப் பிள்ளை. முதல் காட்சியில் ஒரு கிழவர், கொட்டிக் கிடக்கும் பழங்களுக்கு நடுவே படுத்து, ஒரு பழத்தைக் கடித்து மென்று, நிதானமாகச் செத்துப்போகிறார். ஆனி மாதத்தில் மாந்தோப்புக் காவல் குடிசையில் படுத்திருக்கும் எங்கள் தாத்தாக்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சாவின் நிறைவு புரியும். டிராக்டர் கொண்டுவந்த வாசில், நிலா வெளிச்சத்தில் புழுதி பறக்கத் தனியே ஆடிக்கொண்டு வருகிறான், திடீரென்று விழுகிறான். குலாக் வீட்டுப் பையன் சுட்டுவிட்டான். கட்சிக் கவிஞர் தெம்யான் பெத்னி ‘இஸ்வெஸ்தியா’வில் இந்தப் படத்தைக் கிழித்துப்போட்டார். ரேடியேட்டரில் தண்ணீர் தீர்ந்துபோக, ஊர் ஆண்கள் சிறுநீர் கழித்து டிராக்டரை ஓடவைக்கும் காட்சி வெட்டப்பட்டது. மகத்தான இயந்திரத்தை அப்படிக் காட்டலாமா என்பது கேள்வி. ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அந்தப் படத்தில் அதுதான் நம்பும்படி இருக்கிறது என்பார்கள்.

விக்டர் தூரினின் ‘துர்க்சிப்’ (1929) ஒரு ரயில்பாதையைப் பற்றிய ஆவணப்படம். அதில் பனிமலை உருகித் தண்ணீர் வரும்வரை வறண்ட வாய்க்காலோரம் காத்து நிற்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஏரி மதகு திறக்கும் நாளில் பாரூர் ஆயக்கட்டில் நிற்பவர்களைப் பார்த்திருந்தால் அந்தக் காட்சிக்கு எழுத்து அட்டை தேவையில்லை.

*

இந்தப் படங்கள் தமிழ்நாட்டுக்கு வந்த வழி தனிக் கதை. படத்துக்கு முன்னால் புத்தகம் வந்தது. கார்க்கியின் ‘தாய்’ நாவல் தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்ப்பில் சங்க அலுவலகம் தோறும் புழங்கியது. ஆனால் அதை வைத்துப் புடோவ்கின் 1926இல் எடுத்த படம் இருப்பதே படித்தவர்களில் பலருக்குத் தெரியாது. வேரா பரனோவ்ஸ்காயா தாயாக நடித்த அந்தப் படத்தின் கடைசியில் ஆற்றுப் பனிப்பாளங்கள் உடைந்து நகர்வதும் ஊர்வலம் நகர்வதும் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும். நம் தென்பெண்ணையில் பனி உடைவதில்லை. பெங்களூரின் கழிவைச் சுமந்துவந்து கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை பொங்குகிறது. இன்று ஒரு புடோவ்கின் இருந்தால் எதை எதனோடு ஒட்டுவார் என்று அந்த நுரையைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

புடோவ்கினே இந்தியாவுக்கு வந்தார். 1951இன் தொடக்கத்தில், ஐசன்ஸ்டைனின் ‘அலெக்சாந்தர் நெவ்ஸ்கி’யில் நாயகனாக நடித்த நிக்கொலாய் செர்காசோவுடன் வந்து, சென்னைத் திரைத்துறையினரையும் சந்தித்தார். அதே 1951இல் என்.எஸ். கிருஷ்ணன் சோவியத் நாட்டுக்குப் போய்வந்தார். அடுத்த ஆண்டு முதலமைச்சரான ராஜாஜி, கம்யூனிஸ்ட்டுகளே தன் முதல் எதிரி என்று அறிவித்தார். அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்து ஊர். அவருக்குச் சினிமாவும் பிடிக்காது என்பது கூடுதல் தகவல்.

புடோவ்கினின் பயணத்தால் தமிழுக்கு ஒரு மறைமுக லாபம் உண்டு. கல்கத்தாவில் அவர் பார்த்துப் பாராட்டிய படம் ‘சின்னமூல்’. பிரிவினை அகதிகளைப் பற்றி, சியால்தா ரயில் நிலையத்தில் நிஜ அகதிகளுக்கு நடுவே எடுத்தது. பிறகு அது சோவியத்திலும் திரையிடப்பட்டது. அதை இயக்கிய நிமாய் கோஷ் சென்னைக்கே குடிவந்துவிட்டார். ஒளிப்பதிவாளராக வேலை செய்துகொண்டு தென்னிந்தியத் திரைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர்களில் அவர் முன்னோடி. 1960இல் அவர் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ தமிழில் தொழிற்சங்கத்தை நேரடியாகப் பேசிய முதல் படங்களில் ஒன்று. எம்.பி. சீனிவாசனுக்கு இசையமைப்பாளராக அதுதான் தொடக்கம். ஜெயகாந்தன் பாட்டு எழுதினார். நாயகனாக நடித்த கே. விஜயன் பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து வந்தவர். படத்துக்கு மத்திய அரசின் நற்சான்றிதழ் கிடைத்தது, அரங்கில் கூட்டம் கிடைக்கவில்லை. இன்று பாட்டு இருக்கிறது, படத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்தத் தோல்வியைச் சொல்லி நம் ரசனையைத் திட்டுவது ஒரு வழக்கம். நான் அதில் சேரவில்லை. ‘வேலைநிறுத்தம்’ வெளியானபோது மாஸ்கோத் தொழிலாளர்களும் முண்டியடித்துப் போகவில்லை. அவர்கள் வரிசையில் நின்றது ஹாலிவுட் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் படங்களுக்கு. பத்து மணி நேரம் இரும்போடு மல்லுக்கட்டியவன் ராத்திரி ஆட்டத்தில் மறுபடி ஆலையைப் பார்க்க விரும்புவதில்லை. இது ரஷ்யாவுக்கும் பொருந்தும், ராயக்கோட்டைச் சாலைக்கும் பொருந்தும். இந்தப் படங்களை ஆரம்பத்தில் தூக்கிப் பிடித்தவர்கள் பெர்லினிலும் பாரிஸிலும் இருந்த படித்தவர்கள். இங்கே 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் தொடங்கிய கல்கத்தா திரைப்படச் சங்கம் முதலில் காட்டியது ‘பொட்டெம்கின்’ படத்தை. தொழிலாளியைப் பற்றிய சினிமா தொழிலாளியிடம் போய்ச் சேராதது அந்தச் சினிமாவின் ஆறாத புண்.

அந்தப் புண்ணுக்கு மருந்து தேடியவர் அலெக்சாந்தர் மெத்வேத்கின். 1932இல் அவர் ஒரு ரயிலில் ஃபிலிம் கழுவும் அறை, படத்தொகுப்பு மேசை, புரொஜக்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு 294 நாள் சுற்றினார். சுரங்கத்திலும் ஆலையிலும் பண்ணையிலும் நிறுத்தி, அங்கேயே படம் எடுத்து, ராவோடு ராவாகக் கழுவி ஒட்டி, மறுநாள் அந்த ஆட்களுக்கே காட்டுவார். எங்கே வேலை கெடுகிறது, எந்த மேலாளர் தூங்குகிறார், தங்கும் விடுதி ஏன் இப்படி நாறுகிறது என்பதெல்லாம் திரையில் வரும். விளக்கைப் போட்டதும் விவாதம் நடக்கும். அவர்கள் தங்களையே பார்த்தார்கள், அதனால் உட்கார்ந்து பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அப்படிக் கேள்வி கேட்கும் காலமும் முடிந்தது. 1934இல் சோஷலிச யதார்த்தவாதம் அதிகாரபூர்வக் கொள்கையானது. 1937இல் ஐசன்ஸ்டைனின் ‘பெஷின் புல்வெளி’ பாதியில் நிறுத்தப்பட்டது. உழைப்பின் ஒவ்வொரு அசைவையும் அளந்து இயந்திரத்தோடு இசைக்கலாம் என்று கனவு கண்டு 1920இல் மத்திய உழைப்பு நிறுவனத்தைத் தொடங்கிய கவிஞர் அலெக்சேய் காஸ்தெவ் 1939இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐசன்ஸ்டைனின் ஆசான் மேயர்ஹோல்ட் 1940இல்.

காஸ்தெவின் கனவு மட்டும் வேறு முதலாளிகளிடம் பிழைத்துக்கொண்டது. ஸ்டாப் வாட்சோடு லைனில் நின்று ஒரு ஸ்க்ரூவுக்கு எத்தனை நொடி என்று குறிப்பவரை ஓசூரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘கேமராவுடன் ஒரு மனிதன்’ படத்தில் ஒரு பெண் சிகரெட் பெட்டிகளை மடித்து மடித்துப் போடுவாள். மின்னல் வேகம், முகத்தில் சிரிப்பு. வெர்தோவ் அந்த வேகத்தைக் கொண்டாடினார். படத்தை வெட்டி ஒட்டிய எலிசவேத்தா ஸ்விலோவாவின் கைகளும் அதே படத்தில் வருகின்றன, ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கின்றன. மடிக்கும் கையும் வெட்டும் கையும் ஒரே வகை உழைப்பு என்கிறது படம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஸ்விலோவா தன் துண்டை நிறுத்திப் பார்க்கலாம். பெட்டி மடிப்பவளால் நிறுத்த முடியாது. இப்போது எங்கள் பக்கத்துப் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கே மின்ஸ்கூட்டர் ஆலை வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் ஓசூர்வரைகூடப் போக வேண்டாம். அந்தக் கைகளை யாராவது படம் பிடித்து, மறுநாள் அவர்களுக்கே போட்டுக் காட்டினால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஓசூரில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ‘புது விசை’ போன்ற இதழ் வந்த ஊர், வாசகருக்குப் பஞ்சமில்லை. அடுத்த திருவிழாவில் ஒரு மாலை, ஷிஃப்ட் முடிந்து வருபவர்களுக்கு வசதியான நேரத்தில், ‘வேலைநிறுத்தம்’ படத்தைத் திரையிடுங்கள். ஒன்றரை மணி நேரம்தான். பேச்சாளர் வேண்டாம், மாண்டேஜ் பற்றிய முன்னுரையும் வேண்டாம். மைக்ரோமீட்டர் பிடித்த ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும்.